கேப்டனிடம் மிஞ்சிய சொல்

கேப்டன் என்றதும் கப்பலையோ பட்டாளத்தையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் அவர் மேற்பார்வை ஆள். பீரோவை எந்தப் பக்கம் சாய்த்தால் நிலையில் இடிக்காது, கட்டிலின் எந்தக் காலை முதலில் கழற்ற வேண்டும், கண்ணாடி அலமாரியை யார் கையில் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்த வாயும் சாதாரண வாய் இல்லை. மொட்டை மாடியில் நின்று அவர் "விடாதே... விடாதே... ம், விடு" என்றால் தெருமுனையில் நிற்கிற லாரி டிரைவருக்கும் கேட்கும். வேலை நேரத்தில் அதட்டல், வேலை முடிந்ததும் கதை. ஆட்கள் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள்.

அந்த ஆட்கள் மத்தியில் பியானோ என்ற சொல்லுக்கு ஊரில் இல்லாத அர்த்தமெல்லாம் உண்டு. பார்க்கப் பவிசாக இருந்து இடுப்பை ஒடிக்கிற எதுவும் அவர்களுக்குப் பியானோதான். இரும்புப் பெட்டி பியானோ. கட்டி முடித்த அட்டைப் பெட்டியை மறுபடி பிரித்துக் காட்டச் சொல்லும் வீட்டுக்காரி பியானோ. சாமானைப் பாதி ஏற்றும்போது பிடித்துக்கொள்கிற மழை பியானோ. புதிதாகக் கல்யாணமானவன் வேலைக்குத் திரும்பி வந்தால், "வீட்ல பியானோ சௌக்கியமா?" என்று கேட்பார்கள். நிஜமாகவே ஒரு பியானோவைத் தூக்க வேண்டி வந்தால் மட்டும் யாரும் அந்தப் பெயரை எடுக்க மாட்டார்கள். அதற்குப் பெயர் 'அது'.

கேப்டன் தன் மனைவியைப் பியானோ என்று ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது "என்ன மகாராணீ?" என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. கடைசி எழுத்தை அவர் இழுக்கிற இழுப்பில் கேலியும் இருக்கும், கொஞ்சம் கெஞ்சலும் இருக்கும். அக்கம்பக்கத்திலும் அவள் மகாராணிதான். மகாராணிக்கு வேலை, டாக்சி கம்பெனியில் ஃபோன் எடுப்பது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுப் பேசுகிறவர், அழுதுகொண்டே பேசுகிறவர், பல் டாக்டர் வாயில் பஞ்சை வைத்து அனுப்பியவர் என்று யார் பேசினாலும் அவளுக்கு முகவரி பிடிபட்டுவிடும். மற்றவர்கள் புரியாமல் விழிக்கிற அழைப்பெல்லாம் அவளுக்குத்தான் வரும். தன் காதைப் பற்றி அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

அன்று ஒரு சங்கீத டீச்சர் வீட்டு மூன்றாவது மாடிக்கு 'அது' ஏற வேண்டியிருந்தது. லிஃப்டில் ஆள் நுழையலாம், அது நுழையாது. மாடிப்படியோ குறுகல். திருப்பத்துக்குத் திருப்பம் நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். கேப்டன் வழக்கம்போல மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடந்தபடி ஏறினார். கீழ்ப்பக்கம் ஒட்டகமும் இன்னும் இரண்டு பேரும் தோளில் வார் மாட்டிச் சுமந்தார்கள். ஒட்டகம் என்பது அவனுடைய நீளக் கழுத்துக்காகக் கேப்டன் வைத்த பெயர். நெடுநாளாக அவரோடு இருக்கிறவன்.

நடுத் திருப்பத்தில், "இடது பக்கம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த கேப்டன் பாதியில் நிறுத்தினார். பிறகு, "பியானோ" என்றார்.

கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். தூக்கும்போது அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"பியானோ. பியானோ" என்றார் மறுபடியும். இந்தத் தடவை யாரையோ அடையாளம் தெரியாமல் விசாரிப்பதுபோல இருந்தது குரல். அடுத்த நொடி மேல்பக்கத்துப் பாரம் முழுக்க ஒட்டகத்தின் மார்பில் வந்து இறங்கியது. அவன் கழுத்தை எக்கிப் பார்த்தான். கேப்டன் படியில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அவருக்கும் தெருவுக்கும் நடுவில் அந்தப் பியானோ நின்றது. அதைத் தாண்டிப் போக ஒரு பூனைக்குக்கூட இடமில்லை. மேலே ஏற்றலாம் என்றால் வழியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். திரும்பத் தெரு வரைக்கும் இறக்கினால்தான் அவரிடம் போக முடியும். இறக்கினார்கள். எங்கே சாய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிற குரல் இல்லாமல், ஒருவரை ஒருவர் வைதுகொண்டு, சுவரில் இடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், மகாராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை முழுங்கிக்கொண்டார். ஒட்டகம் அதைக் கேட்டபடி சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

கண் விழித்த சில நாளில் கேப்டன் வாயைத் திறந்து "பியானோ" என்றபோது ஆஸ்பத்திரி அறையே குதூகலித்தது. மகள் கைதட்டினாள். பேச்சு வந்துவிட்டதே! ஒட்டகம் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, "அது பத்திரமா இருக்கு அண்ணே. ஒரு கீறல் இல்ல. வேற ஆளுங்க வந்து ஏத்திட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க" என்றான். கேப்டன் அவனைப் பார்த்து, "பியானோ பியானோ பியானோ" என்றார், கண்ணில் நீர் வழிய. ஒட்டகமும் அழுதான். தண்ணீர் கொண்டுவந்த நர்ஸிடமும் அவர் பியானோ என்றபோதுதான் மகாராணி டாக்டரைத் தேடிக்கொண்டு போனாள்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் விளக்கமாகச் சொன்னாள். சின்ன வயசு, ஆனால் எதையும் பூசி மெழுகாமல் பேசினாள். "இப்போதைக்கு வெளிய வர்றதுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கும்மா. அவர் எதைச் சொல்லப் போனாலும் அந்த ஒரு சொல்லாத்தான் வரும்."

"ஏன் அது?"

"பக்கவாதம் அடிச்ச நேரத்துல வாயில எது இருந்துச்சோ அது நின்னுடுச்சு. சில பேருக்குக் கெட்ட வார்த்தை நின்னுபோகும். அதுக்கு இது தேவலை."

"மத்த சொல்லு எல்லாம்?"

"முயற்சி பண்ணுவோம்" என்றாள் அவள். அதற்கு என்ன அர்த்தம் என்று மகாராணிக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் வண்டி வந்துவிடும் என்று அவளும் ஃபோனில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வலது கையும் காலும் போனது போனதுதான். அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆட்கள் அவரை மேலே தூக்கி வந்தார்கள், அதன்பிறகு அவர் வெகுநாள் இறங்கவில்லை.

மருமகன் ஒருநாள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "அத்தை, இத்தாலிக்காரங்க பாஷையில பியானோன்னா மெதுவான்னு அர்த்தமாம்! சங்கீதத்துல சத்தத்தைக் குறைச்சு வாசின்னு அர்த்தமாம். அங்க மாடிக்குக்கூட அதுதான் பேராம். மாடி... மெதுவா... மாமா ஏதோ சொல்ல வர்றார் பாருங்க."

"அப்பாவுக்கு இருந்த பாஷையே போயிடுச்சு. இதுல இத்தாலி பாஷை எங்கேர்ந்து வந்து ஒட்டிக்கிச்சு?" என்றாள் மகள். மருமகன் முகம் தொங்கிப்போனது.

ஆனாலும் மகாராணி ஒரு வாரம் அதைச் சோதித்துப் பார்த்தாள். கஞ்சி ஊட்டும்போது அவர் பியானோ என்றால் மெதுவாக ஊட்டினாள். சரியாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்தும்போது பியானோ என்றால் சத்தமில்லாமல் சாத்தினாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பிறகு பொறி தட்டினாற்போல அவளுக்கு வேறொன்று புரிந்தது. சொல்லில் என்ன இருக்கிறது? ராகத்தில்தானே எல்லாம் இருக்கிறது! வாயில் பஞ்சு வைத்தவனின் முகவரியைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் புருஷன் பேச்சுப் புரியாதா?

அன்றிலிருந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வெட்டினாற்போல வந்தால் தண்ணீர். நடுவில் ஏறி இறங்கினால் ஜன்னல். 'பி'யில் வெடித்தால் வசவு. மூன்று நான்கு தடவை தணிந்து வந்தால் கால் வலி. கடைசி எழுத்தை இழுத்து, "பியானோஓ" என்று வந்தால் அது அவளுடைய பெயர். அந்த இழுப்பை அவளுக்குத் தெரியாதா! முதல்முதலாக அது காதில் விழுந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

விடுமுறை நாளில் ஆட்கள் பார்க்க வருவார்கள். கேப்டனுக்குக் குஷி பிறந்துவிடும். இடது கையை ஆட்டி ஆட்டி, பியானோவைக் குறைத்தும் கூட்டியும், நடுவில் நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தும் கதை சொல்வார். "என்ன அண்ணி சொல்றார்?" என்று ஒட்டகம் கேட்பான். "அந்த மர அலமாரிக் கதைதான். உள்ள ஒளிஞ்சு விளையாடின அந்த வீட்டு மாமனார் தூங்கிப்போய், அவரோட சேர்த்து அலமாரியை லாரியில ஏத்தினீங்களே" என்பாள் மகாராணி. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கேப்டனும் சிரிப்பார். பழைய காலம் திரும்பி வந்தாற்போல இருக்கும்.

மகளிடமும் அவள்தான் எடுத்துச் சொல்வாள். "நீ இளைச்சுப் போயிட்டேன்னு சொல்றார்." "மாப்பிள்ளையை அதட்டாதேங்கிறார்." தன்னிடம் அவர் சொன்னதையும் சில சமயம் கூச்சத்தோடு சொல்வாள். "என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கிறார் பாரேன்." "இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்காம்."

மகள் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா இப்படியெல்லாம் பேசவே மாட்டாரேம்மா."

"இப்ப பேசுறார்."

உண்மைதான். வாய் இருந்த காலத்தில் கேப்டன் அந்த வாயை வேலையிடத்திலேயே தீர்த்துவிட்டு வருகிறவர். வீட்டில் சாப்பாடு, டிவி, தூக்கம். மகாராணி என்று கூப்பிடுவதோடு சரி. அவளுக்கு ஒருநாள் காய்ச்சலா, தலைவலியா என்று அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அந்தச் சில மாதங்கள்தான் அவர்கள் பேசிக்கொண்ட மாதங்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது பாவம் என்றும் தோன்றியது.

அவள் வேலைக்குப் போயாக வேண்டும். காலையில் எல்லாம் செய்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். "அவர் சும்மா பியானோ பியானோன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம். மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாப் போதும்."

ஒருநாள் அவள் போன கொஞ்ச நேரத்திலேயே கேப்டன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து மாட்டிக்கொண்டார். நல்ல கை அடியில் சிக்கிக்கொண்டது. அவர் கத்தினார். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்டது. வழக்கம்போலத்தானே என்று அவள் தன் வேலையைப் பார்த்தாள். மாடிப்படி கூட்டுகிறவனுக்குக் கேட்டது. மேல்வீட்டுக்காரருக்கும் கேட்டது, இன்றைக்குக் கேப்டன் கச்சேரி பலமாக இருக்கிறதே என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாராம். மத்தியானம் கதவைத் திறந்த பக்கத்து வீட்டம்மா போட்ட அலறலில்தான் எல்லாரும் ஓடி வந்தார்கள். அதற்குள் அவருக்குக் குரல் கம்மிப்போய், உதடு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் என்னம்மா பண்ணுவேன்? ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்றார்" என்று பக்கத்து வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகாராணி அவளைக் குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்ததே இவள்தானே.

மகள் அன்றைக்கே பேச்சை எடுத்தாள். "முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்மா. தரைத்தளம். எந்நேரமும் ஆள் இருக்கும்."

"அவர் வேண்டாங்கிறார்."

"எப்பச் சொன்னார்?"

"இப்பக்கூடச் சொன்னாரே. உனக்குக் கேக்கல?"

"பியானோன்னார். எனக்கு அது சரிங்குற மாதிரிக் கேட்டுச்சு."

"உனக்கு எது வேணுமோ அது கேக்குது."

"உனக்கும்தான்" என்றாள் மகள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். இரண்டு பேரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, தணிந்த குரலில் பியானோ என்றார்.

கடைசியில், பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணையே கேட்டுவிடலாம், அவர் விருப்பம் எதுவோ அப்படியே செய்யலாம் என்று முடிவானது. மகாராணி உடனே ஒத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் அந்த வாரமே வீட்டுக்கு வந்தாள்.

மேஜைமேல் ஒரு சீப்பு, ஒரு ஸ்பூன், ஒரு சாவி, ஒரு டம்ளர் என்று வரிசையாக வைத்தாள். "ஐயா, சீப்பை எடுங்க" என்றாள்.

"பியானோ" என்று சந்தோஷமாகச் சொல்லி கேப்டன் டம்ளரை எடுத்தார்.

"தாகமா இருக்கும்" என்றாள் மகாராணி.

"இருக்கலாம்மா. ஐயா, சாவியை எடுங்க." கேப்டன் ஸ்பூனை எடுத்தார். "சாவி" என்றாள் அவள் திரும்பவும். அவர் டம்ளரை மறுபடி எடுத்து அவளிடம் நீட்டினார், விருந்தாளிக்கு நீட்டுவதுபோல.

"களைச்சுட்டார். காலையில தூக்கம் சரியில்ல" என்றாள் மகாராணி.

அந்தப் பெண் சாமான்களை ஒதுக்கி வைத்தாள். "ஆமா, இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேக்கிறேன். நீங்க நடுவுல ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அவர் உங்க முகத்தைப் பார்க்காத மாதிரி கொஞ்சம் பின்னால நில்லுங்க." மகாராணி அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"உங்களை எல்லாரும் கேப்டன்னு கூப்பிடுவாங்களா?" அவர் தலையாட்டினார். "பியானோ."

"இது உங்க வீடா?" தலையாட்டினார்.

"இது பஸ் ஸ்டாண்டா?" தலையாட்டினார்.

"நீங்க ஆம்பளையா?" தலையாட்டினார். "பொம்பளையா?" அதே மலர்ச்சியோடு தலையாட்டினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையைப் பின்பக்கம் காட்டி, "இவங்க உங்க மனைவியா?" என்றாள். கேப்டன் கழுத்தைத் திருப்பி மகாராணியைப் பார்த்தார். முகம் விரிந்தது. "பியானோஓ" என்றார்.

மகாராணிக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா!" என்று வாயெடுப்பதற்குள் அந்தப் பெண், அதே குரலில், ஜன்னலோரம் நின்ற மகளைக் காட்டி, "இவங்க உங்க மனைவியா?" என்று கேட்டாள்.

கேப்டன் மகளைப் பார்த்தார். அதே முகம். அதே இழுப்பு. "பியானோஓ."

பிறகு, மகாராணி வேண்டாம் வேண்டாம் என்று தலையசைக்க அசைக்க, மருமகன், வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, கடைசியில் கேள்வி கேட்ட அந்தப் பெண் என்று எல்லாருக்கும் ஒருமுறை அது நடந்தது. எல்லாருமே அவருக்கு மகாராணியாக இருந்தார்கள்.

போகும்போது அந்தப் பெண் மாடிப்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள். "உங்க குரல் தணிவா இருந்தாச் சந்தோஷப்படுவார். கடுமையா இருந்தாப் பயப்படுவார். அவ்வளவு தெரியும். அதுக்கு மேல நாம சொல்றது அவருக்குப் போய்ச் சேர்றதாத் தெரியலம்மா. ஆரம்பத்துல இதைவிட நல்லா இருந்தாரோ என்னவோ. இனிமே பெரிசா மாறும்னு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

"அப்போ இத்தனை நாள் அவர் பேசினது?"

அந்தப் பெண் மகாராணியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

எல்லாரும் போன பிறகு மகாராணி அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தேன் ஒழுகுகிற குரலில், "நீங்க ஒரு பாறாங்கல்லு. உங்களைக் கட்டிக்கிட்டு நான் நாசமாப் போனேன்" என்றாள். அவர் சிரித்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு உங்களை விட்டா யாருங்க இருக்காங்க!" என்று கத்தினாள். அவர் நடுங்கிப்போய் நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் எழுந்து ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, இல்லை என்று சொன்னாள். அதுவும் அவருக்கு வெறும் சத்தம்தான் என்று நினைவு வந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டு, கையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டவர் யார், இந்தக் கலர் எடுப்பாக இருக்கிறது என்று சொன்னவர் யார் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அவள் தன்னோடு தானே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த விடுமுறைக்கு ஆட்கள் வந்தார்கள். கேப்டன் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். "என்ன அண்ணி சொல்றார்?" என்றான் ஒட்டகம்.

"தெரியலப்பா."

"அலமாரிக் கதையா?"

"எனக்குத் தெரியாது."

கேப்டன் நடுவில் நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாருக்கும் எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஒருவன் இருமினான். டீயைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள். அதற்கப்புறம் ஒட்டகம் ஒருத்தன்தான் வந்தான். பிறகு அவனும் வேலை அதிகம் என்று ஃபோன் செய்து விசாரிப்பதோடு சரி.

இல்லத்துக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு அவன்தான் இரண்டு ஆட்களோடு வந்தான். நாற்காலியில் உட்கார வைத்து, வாரைப் போட்டுக் கட்டி, தோளில் மாட்டினார்கள். கேப்டனுக்குக் கனத்த உடம்பு, சும்மா இருந்து இருந்து இன்னும் கனத்திருந்தது. முதல் படியில் கால் வைத்ததும் கேப்டனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "பியானோ! பியானோ! பியானோ!" என்று மாடிப்படி முழுக்க எதிரொலிக்கக் கத்தினார். கூட வந்தவர்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டகம் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அப்படியே செத்துப்போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒட்டகம்தான் குரல் கொடுத்தான். "இடது பக்கம் கொஞ்சம்... நிறுத்து... ம், விடு." மகாராணி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் வெயில் பட்டு கேப்டன் கண்ணை இடுக்கிக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற தெரு. அவர் எதையும் தேடியதாகத் தெரியவில்லை.

இல்லத்தில் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. வேலை செய்கிற பெண்கள் அவருக்குப் பியானோ ஐயா என்று பெயர் வைத்தார்கள். "பியானோ ஐயா, வாயைத் திறங்க", "பியானோ ஐயா இன்னிக்கு சமர்த்தா இருந்தார்." மகாராணி ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ் பிடித்துப் போவாள். முதலில் வீட்டுச் செய்தியெல்லாம் சொல்வாள். பிறகு சும்மா தணிந்த குரலில் எதையாவது சொல்வாள். டாக்சி நிற்கிற இடங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாலும் அவர் சந்தோஷப்பட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டு நகம் வெட்டிவிடுவாள், தலைக்கு எண்ணெய் தடவிவிடுவாள்.

மழைக்காலத்தில் இரண்டாவது முறை பக்கவாதம் அடித்தது. இந்த முறை சின்ன அடிதான் என்றார்கள். அந்தச் சின்ன அடியில் பியானோவும் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று வந்தது. அந்தப் பெண்கள் மட்டும் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விடுமுறை நாள் அவள் உள்ளே நுழையும்போது துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, நேத்து ஐயா பேசினார்!"

மகாராணிக்குக் கையில் இருந்த பை நழுவியது. "என்னது?"

"நெசமாம்மா. பியானோ இல்ல. வேற ஒரு சொல்லு. படுக்கையை மாத்திக்கிட்டு இருந்தேன். நல்லாத் தெளிவாச் சொன்னார், எல்லாரும் சொல்ற மாதிரி. நான்கூட என்னங்க ஐயான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். "ஐயோ... அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டில் தாத்தா கீழ விழப் பார்த்தாங்க. ஓடிப்போய்ப் பிடிச்சேன். அதுல..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சின்னச் சொல்லுதாம்மா. நமக்கெல்லாம் தெரிஞ்ச சொல்லுதான். நாக்கு நுனியில இருக்கு."

"யோசிச்சுப் பாரும்மா."

"யார் பேரோ மாதிரி இருந்துச்சு. இல்ல, ஏதோ சாமான் பேரு. நீங்க ரெண்டு மூணு சொல்லுங்களேன், நான் அதுவான்னு சொல்றேன்."

மகாராணி எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால், பாவம், அந்தப் பெண் ஆமாம் அதுதான் என்று சொல்லிவிடுவாள். "பரவாயில்லம்மா. ஞாபகம் வந்தாச் சொல்லு" என்றாள்.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேப்டன் கண்ணைத் திறந்தபடிதான் படுத்திருந்தார். அவள் பேசாமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒருமுறை அசைந்தது, எச்சில் விழுங்கினார். வெளியே தள்ளுவண்டியில் சாப்பாட்டுத் தட்டுகள் போயின, வந்தன. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. யாரோ வந்து தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் வரவில்லை. இவளைக் கண்டாலே சங்கடப்பட்டுக்கொண்டு வேறு வார்டுக்குப் போய்விடுவாள். கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டே நின்றுவிட்டாள் என்றார்கள். கேப்டன் அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.